சீல் உடைக்காத பெட்டி

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்குத்தான் இந்த டைரி கைக்கு வந்தது. புது வருஷ டைரி, பிப்ரவரியில். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனி எங்கள் தெருவுக்கு இருபது டைரியும் இருபது துணிப்பையும் அனுப்பியிருக்கிறது. டைரியில் ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும், பையில் நடு வயிற்றிலும், பச்சை எழுத்தில் ‘பசுமையே எங்கள் மூச்சு’ என்று அச்சடித்திருக்கிறான். அவன் மூச்சு பசுமை. எங்கள் மூச்சு என்ன கலர் என்று அவன் கேட்கவில்லை.

என் மனைவி எல்சி சிரித்தாள். “எஸ்.எஸ்.எல்.சி.யே ரெண்டு தபா எழுதன ஆளு, டைரி எழுதப் போறியா?” ரெண்டு தபா எழுதினவனுக்குத்தானே எழுத்துப் பழக்கம் ஜாஸ்தி?

பையை அவள் எடுத்துக்கொண்டாள். டைரி எனக்கு.

நான் டில்லிபாபு. திருவொற்றியூர், கடலுக்கு மூன்றாவது தெரு. துறைமுகத்தில் டாலி கிளார்க், இருபத்திரண்டு வருஷம். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டியின் நம்பர், சீல் நம்பர், எங்கே நசுங்கியிருக்கிறது — இதை எழுதுவது வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதக்கூடாது. சீலை உடைக்காதவனுக்கு அதைச் சொல்ல உரிமை கிடையாது.

இன்றைக்குக் காலையிலும் வாடை. அழுகின முட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் கல்யாணம் ஆன மாதிரி. மகள் மகிழினி மூச்சிரைப்புக்கு பஃப் அடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

பிப்ரவரி 17, திங்கள்

வாடை. டைரிக்கு வேறு விஷயம் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

மகிழினி கூட்டம் போட்டாள். என் மகள்தான், ஆனால் மைக் பிடித்தால் யார் மகளோ மாதிரி இருக்கிறது. ராயபுரத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எட்டு மாசமாக ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, காற்றை அளக்கிற வேன் ஒன்றை எங்கள் தெருவுக்கு வரவழைக்க மனு போட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பது நாள் நின்று அளந்தால்தான் கணக்கு. அந்தக் கணக்கு இருந்தால்தான் கம்பெனியைக் கேள்வி கேட்க முடியும். இல்லையென்றால் ‘அது மீன் வாடை’ என்பான். சொல்லியும் இருக்கிறான்.

நூற்று நாற்பது பேர் வந்தார்கள். டாலி கிளார்க் என்பதால் எண்ணினேன், பெருமையிலும் எண்ணினேன்.

மூன்றாவது வீட்டு கெங்கம்மா, கருவாட்டுக்கடைக்காரம்மா, கடைசியில் எழுந்து, “பாப்பா, வேனு வந்து மோந்து பாக்குமா? அதுக்கு எதுக்கு வேனு, எங்கையில கேட்டா நானே மோந்து சொல்லுவனே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்தும் போட்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

வந்துவிட்டது!! வெள்ளை வேன். கூரை மேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். டிரைவரே மெஷினையும் பார்த்துக்கொள்கிறார், சுடலைராஜ் என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். மகிழினி வேனைச் சுற்றி மூன்று தடவை வந்தாள். கோயிலைச் சுற்றக் கூப்பிட்டால் வரமாட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு சந்தேகம்.

வேன் வந்த நாலு நாளில் மூன்று நாள் வாடை ஆளைத் தூக்குகிறது. போன வாரம் இவ்வளவு இல்லை. வேன் வந்ததும் ஏன் கூடணும்?

டீக்கடையில் தவசிமுத்துவிடம் சொன்னேன். என்னோடு டாலி எழுதுகிறவன், எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்கிறவன். “மாமு, மேல கீற கொழாயி காத்த இஸ்துகினு கீதா, உட்டுகினு கீதா? நீ பாத்தியா?” என்றான். நான் பார்க்கவில்லை. “கடலோரத்துல எடம் இன்னா வெல போவுது தெரியுமா? நம்மள மூச்சு முட்ட வச்சா நாமளே காலி பண்ணிகினு பூடுவோம். மெரட்ட வேணாம், அடிக்க வேணாம்.”

திரும்பி வரும்போது வேனுக்குள் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பை. பச்சை எழுத்து. பசுமையே எங்கள் மூச்சு.

தவசிமுத்து சொன்னது சரிதான் என்று வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வெளியே நின்றே போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். “உஷாரு! இந்த வேனு அளக்க வர்ல. வெசக் காத்த உட வந்துகீது. கம்பெனி ஆளு உள்ள குந்திகினு கீறான். என் கண்ணால பாத்தேன்.” தெரு குரூப், துறைமுக குரூப், பழைய ஸ்கூல் குரூப், மூன்றிலும்.

மார்ச் 17, திங்கள்

என் குரல் எனக்கே எண்ணூரிலிருந்து வந்தது. எல்சியின் தம்பி அனுப்பியிருக்கிறான், ‘மாமா இத கேளுங்க, யாரோ பெரிய ஆளு பேசறாரு’ என்று. பெரிய ஆளு! நாற்பத்தொன்பது வயசில் எனக்கு முதல் பட்டம். அது நான்தான் என்று சொல்லவில்லை. மறைத்து வைத்து ரசிப்பது இன்னும் ருசியாக இருந்தது. கேண்டீனில் ஒருவன் எனக்கே அந்த மெசேஜைப் போட்டுக் காட்டி விளக்கமும் சொன்னான். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வேன் போய்விட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஷிப்ட் முடிந்து வரும்போதே கூட்டம். கெங்கம்மா துடைப்பத்தோடு முன்னால். டயரில் காற்றைப் பிடுங்கியிருந்தார்கள். குழாயைப் பிடித்து வளைத்துவிட்டார்கள். எவனோ ஒருவன் கல் எறிந்தான். சுடலைராஜுக்கு நெற்றியில் மூன்று தையல். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அந்த ஆள், “மிசினத் தொடாதீய, மிசினத் தொடாதீய” என்று கத்திக்கொண்டிருந்தார். தன் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகிழினி ஓடி வந்தபோது இழுவை வண்டி வேனைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. யாரோ அவள் போனில் அந்த மெசேஜைப் போட்டார்கள். முதல் வார்த்தையிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெற்ற மகளுக்குக் குரல் தெரியாதா?

“எட்டு மாசம், நைனா.” அவ்வளவுதான் சொன்னாள்.

எல்சியிடம் பட்டன் போன். அவள் அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “யோவ். அது நம்ம வூட்டு பையி. அந்த ஆளுக்கு நான்தான்யா அதுல சோறு வச்சிக் குட்த்தேன். வெளியூரு ஆளு, ஓட்டல்ல துன்னா வயிறு பேஜாராவும்னு பாப்பாதான் சொல்ச்சி.”

என் வீட்டுப் பை. என் வீட்டுச் சோறு.

நான் என் கண்ணால் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன்.

மார்ச் 19, புதன்

மகிழினி பேசவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பேசவில்லை. பஃப் அடிக்கிற சத்தம் மட்டும் அவள் அறையிலிருந்து. அந்தச் சத்தம் என்னைத்தான் கேட்கிறது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டிக்குக் கூட உள்ளே இன்னது என்று நான் எழுதினதில்லை. சூப்பர்வைசர் மிரட்டினபோதுகூட எழுதினதில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் ஒழுங்கு. சொந்தத் தெருவில் ஒரு பையைப் பார்த்ததும் சீலை உடைக்காமலே உள்ளே இருக்கிற சரக்கு, அனுப்பினவன் மனசு, அவன் அடுத்த பத்து வருஷத் திட்டம், எல்லாம் சொல்லிவிட்டேன். நான் எழுதின எஸ்.எஸ்.எல்.சி. பேப்பர் கூட இவ்வளவு தப்பு இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

மகிழினி மறுபடி கூட்டம் போட்டாள். பதினோரு பேர். அதில் நாங்கள் மூன்று.

நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். கோபமாக இருப்பார்கள், கூட்டம் கூடும் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒருத்தரும் செருப்பு மாட்டவில்லை. முனை வீட்டு பரசுராமன் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார்: “அல்லாத்தையும் பேசி முட்ச்சிட்டானுங்கப்பா. வேனையே வாங்கிட்டான், ஆபீசர வாங்க மாட்டானா? நீ மனு குட்த்து இன்னா ஆவப்போவுது? படு.”

அது என் மெசேஜ்தான். அதில் நான் அனுப்பினது வேனைப் பற்றி மட்டும் இல்லை போலிருக்கிறது. எதிராளிக்கு எல்லாம் தெரியும், எல்லாம் அவன் கையில், நம் கையில் ஒன்றும் இல்லை — இதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தெருவை உசுப்பினேன் என்று நினைத்தேன். ஒரு நாள் எழுந்து கல் எறிந்துவிட்டு, எல்லாரும் படுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று எழுதி வைக்கிறேன். சந்தேகப்பட்டதற்கு நான் வெட்கப்படமாட்டேன். ஆறு வருஷம் முன்னால் கால்வாயில் மீன் செத்து மிதந்தபோது, ஒன்றுமே விடவில்லை என்று இதே கம்பெனி சொன்னது. பிறகு தோண்டிப் பார்த்தபோது கம்பெனியிலிருந்து கால்வாய்க்குக் குழாய் இருந்தது. ஏமாந்தவன் சந்தேகப்படுவான். அது அறிவு. பார்க்காததைப் பார்த்தேன் என்றேனே, அதுதான் கலீஜ்.

மார்ச் 27, வியாழன்

லீவு போட்டுவிட்டு சுடலைராஜைப் பார்க்கப் போனேன். எல்சி சோறு வைத்துக் கொடுத்த டப்பா, பையோடு, போலீஸ்காரர்கள் வழியாக எங்களுக்கே திரும்பி வந்திருந்தது. அதில் கடலை மிட்டாய் போட்டு அதே பையில் வைத்துக் கொடுத்தாள், “காலி டப்பா எடுத்துகினு போவாதே” என்று. வேன் நிற்கிற ஷெட்டில் நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வளைந்த குழாய்.

“அந்த வாய்ஸ் மெசேஜ் போட்டது நான்தான்” என்றேன். கூட ரெண்டு வரி தயாரித்து வைத்திருந்தேன், வாயில் வரவில்லை.

நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, “நல்லாத்தாம் பேசுதீய அண்ணாச்சி. நானே வண்டிய விட்டு எறங்கி ஓடிரலாம்னு நெனச்சேன்” என்றார்.

சிரிப்பதா அழுவதா? ரெண்டும் வந்தது.

கல் எறிந்தது யார் என்று போலீஸ் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள் என்றேன். “கல்லப் பாத்தேன். ஆளப் பாக்கல. பாக்காதத எப்படிச் சொல்ல முடியும்?” மூன்று தையல் வாங்கின மனுஷன் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேன் திரும்ப வருமா? “மேல ஒத்துக்கிட மாட்டாவ. அஞ்சு நாள் அளந்தது செல்லாது. உங்க தெருவே கூப்பிடணும். கூப்புடுததுக்கு ஒரு காரணமும் காட்டணும்.”

மார்ச் 30, ஞாயிறு

ரெண்டாவது வாய்ஸ் மெசேஜ். அதே மூன்று குரூப்.

“நான் டில்லிபாபு, டாலி கிளார்க். போன மெசேஜ்ல பேசனது நான்தான். அது தப்பு. அந்தப் பையி என் வூட்டுப் பையி. நான் பாத்தது பைய மட்டும். மீதி அல்லாம் நானா சொன்னது.”

முதல் மெசேஜ் எண்ணூர் வரைக்கும் போய் ஒரே நாளில் திரும்பியது. இது தெருமுனையைக் கூடத் தாண்டவில்லை.

மார்ச் 31, திங்கள்

தாண்டிவிட்டது. ஆனால் வேறு வேஷத்தில்.

‘எவ்ளோ வாங்கனே டில்லி?’ — இது பரசுராமன். தவசிமுத்து வேலையில் என் பக்கத்தில் உட்கார மறுத்தான். “உன்னையும் மடக்கிட்டானுங்களா மாமு?” என்று வருத்தமாகவே கேட்டான். அவன் நிஜமாகவே எனக்காக வருத்தப்படுகிறான், அதுதான் கொடுமை.

சாயங்காலம் கெங்கம்மா கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி: “கம்பெனி ஆளுன்னு இன்னாத்துக்கு சந்தேகம்? தெனம் கம்பெனி டைரில எழுதிகினு கீறான், நான் ஜன்னல்ல பாத்தேன்! என் கண்ணால பாத்தேன்!”

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு. எல்சி என் வாயைப் பொத்தினாள். ஆனால் அவள் கையும் குலுங்கியது. என் மருந்து எனக்கே. பை வைத்திருந்த சுடலைராஜ் கம்பெனி ஆள் என்றால், டைரி வைத்திருக்கிற நான் கம்பெனி முதலாளி!

டைரியை மாற்றலாமா என்று யோசித்தேன். மாட்டேன். அவன் காகிதத்திலேயே அவன் வாடையை எழுதுவேன்.

ஏப்ரல் 2, புதன்

இதை மறக்காமல் எழுதணும்.

இன்று கப்பல் நிற்கிற எட்டாம் நம்பர் பெர்த்தில் தகராறு. கப்பல் பக்கத்து டாலி கிளார்க் கணக்கும் என் கணக்கும் ஒரு பெட்டி வித்தியாசம். அவன் என்னைத் திட்ட, நான் அவனைத் திட்ட, ரெண்டு பேரும் மறுபடி எண்ணினோம். ஒத்துப்போனதும் ஒரே தாளில் ரெண்டு கையெழுத்து. கப்பல்காரன் கரைக்காரனை நம்பமாட்டான். கரைக்காரன் கப்பல்காரனை நம்பமாட்டான். நம்பாத ரெண்டு பேர் ஒத்துக்கொண்டதால்தான் அந்தத் தாளை உலகம் நம்புகிறது. ரெண்டு தோஸ்து சேர்ந்து எழுதின டாலி குப்பைக்குச் சமம்.

பஸ்ஸில் வரும்போது மண்டையில் அடித்தது. வாடைக்கும் டாலி எழுதினால்? நான் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்கு என்னைச் சுத்தமாக நம்பாத ஆள் வேணும்.

இறங்கி நேராகக் கருவாட்டுக்கடைக்குப் போனேன்.

“இன்னாடா, கம்பெனி ஆளு?”

“அக்கா, நான் எழுதறது பொய்யின்னு நிரூபிக்க உனக்கு ஒரு சான்ஸு.”

கெங்கம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “சொல்லு.”

ஏப்ரல் 3, வியாழன்

ஆரம்பம். ஒரு நாளைக்கு நாலு தடவை: காலை ஐந்தரை, எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து. நான் ஷிப்டில் இருக்கும்போது என் பக்கம் எல்சி. ஒருத்தர் எழுதினதை மற்றவர் பார்க்கக்கூடாது. வாடை இல்லை என்றால் சைபர். மூச்சை அடைத்தால் மூன்று. ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டு தாளையும் சேர்த்துப் பார்ப்பது. ஒத்துப்போகாததை அடித்துவிடுவது.

கெங்கம்மா எண் போடமாட்டேன் என்றாள். மீன் வரைகிறாள். ஒரு மீன், ரெண்டு மீன், மூன்று மீன். மீனுக்குக் கண் கூட வைக்கிறாள்.

முதல் நாள் காலை ஐந்தரை: நான் 3. அவள் மூன்று மீன்.

“காப்பி அட்ச்சியா?” என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம் எல்சி 2. கெங்கம்மா மீனே போடவில்லை. ராத்திரி ஏழு மணிக்குத் தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை. கடைசியில் கெங்கம்மா, “அது என் நெத்திலிடி, இன்னிக்கித்தான் காயப் போட்டேன்” என்று ஒப்புக்கொண்டாள். அடித்துவிட்டோம். அதற்குக் கைதட்டல்!

ஏப்ரல் 14, திங்கள்

புது வருஷம். ஏழு மணிக்குத் தாள் பார்க்க இருபது பேருக்கு மேல் கூடுகிறார்கள். நான் மாட்டிக்கொள்வேன் என்று பார்க்க வருகிறவர்கள்தான் பாதி. எதற்கு வந்தால் என்ன, வந்தார்களே. நேற்று பரசுராமன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, “காலைல வாடை ரெண்டு இல்ல, மூணு” என்று வாதாடினார். அப்படியென்றால் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறார்! எங்கள் தெருவில் இதைவிடப் பெரிய புரட்சி நடந்ததில்லை.

ஏப்ரல் 19, சனி

மகிழினி பேசினாள்.

பேசினாள் என்றால் — தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “காத்து எந்தப் பக்கம்னு போடலியே. இது இல்லாம இதுக்கு அர்த்தமே இல்ல” என்றாள். முப்பத்திரண்டு நாள் கழித்து மகள் சொன்ன முதல் வார்த்தை திட்டு. எனக்கு லட்டு.

மாடியில் கொடிக்கம்பியில் பழைய நைலான் புடவைக் கிழிசல் ஒன்றைக் கட்டினாள். இனி அதையும் பார்த்து எழுதணும். காலையில் காற்று மேற்கே, கம்பெனிப் பக்கம் இருந்து வரும், வெயில் ஏறினால் கடல் காற்று வந்து தள்ளிவிடும் என்றாள். “மார்ச்சுல வேனு வந்த வாரமும் இதே காத்துதான் நைனா. அதனாலதான் ஜாஸ்தியா இருந்திச்சி.”

வேன் வந்ததால் கூடவில்லை. கூடுகிற வாரத்தில் வேன் இருந்தது. எவ்வளவு நல்ல வாரம்! அதைத்தான் துரத்தினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கெங்கம்மா கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, “டில்லி, மூணு மீனு அல்லாம் வியாயக்கெயமயும் நாயித்துக்கெயமயும்தான் வருது, பாத்தியா?” என்றாள்.

நான் பார்க்கவில்லை. தாள் முழுக்க என் எண்கள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மீனாக இருந்ததால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தி, “கல்ல போட்டது நானில்ல. ஆனா மொதல்ல கத்தனது நான்தான்” என்றாள். நான் தாளை அவள் பக்கம் தள்ளினேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மே 4, ஞாயிறு

வேன் அனுப்புகிற ஆபீசில் விசாரணைக் கூட்டம், வருகிற வெள்ளி. மகிழினி கேட்டு வாங்கியிருக்கிறாள். வேன் வேண்டும் என்ற மனுவை மறுபடி எடுப்பார்களா என்று அன்றைக்குத் தெரியும். இல்லை என்றால் இன்னொரு எட்டு மாசம். அவள் மார்பு இன்னொரு எட்டு மாசம் தாங்குமா?

மே 9, வெள்ளி

இன்றைக்குத் தூக்கம் வராது. பயத்தில் இல்லை.

அறுபத்திரண்டு பேர் போனோம். ஹாலில் இடம் இல்லாமல் பாதிப் பேர் மாடிப்படியில். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரியம்மா. கம்பெனி சார்பாக அலெக்ஸாண்டர் என்று ஒருவர், இஸ்திரி கலையாத சட்டை. மகிழினி பேசி முடித்ததும் அவர் சிரித்த முகமாகவே எழுந்தார்.

“மேடம், நாங்க எதுக்கும் தயார். ஆனா இந்தத் தெருவுக்குத்தான் வேன் வந்தது. இவங்கதான் கல்லால அடிச்சாங்க. வேன்லேருந்து விஷம் வருதுன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், அதை நம்பி. வதந்தியை நம்புற ஜனங்க சொல்ற வாடையை எப்படி எடுத்துக்கறது?”

மகிழினி முகம் செத்துப்போனது. அவளுக்குப் பதில் தெரியும், ஆனால் சொன்னால் அப்பனைக் காட்டிக்கொடுக்கணும்.

நான் எழுந்தேன். தயாரித்து வைத்திருந்த செந்தமிழ் எல்லாம் எங்கேயோ பறந்தது.

“அம்மா, அந்த மெசேஜு போட்டது நான்தான். டில்லிபாபு. தப்பு என்துது, தெருவுது இல்ல. தப்புன்னு நானே திருப்பி மெசேஜும் போட்டேன். இந்த சாரு கம்பெனி ஆறு வருசம் முன்னால மீனு செத்தப்போ ஒண்ணுமே உடலன்னு சொன்னாங்களே, அது தப்புன்னு இதுவரிக்கும் ஒரு மெசேஜு போட்டாங்களா, கேட்டுச் சொல்லுங்க.”

மாடிப்படியில் விசில். அதிகாரியம்மா அடக்கினார். அலெக்ஸாண்டர், “அப்ப இப்பவும் எங்க மேல சதின்னுதான் சொல்றீங்களா?” என்றார்.

“இல்ல சார். உங்க மனசுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. அது சீல் போட்ட பொட்டி. வேணும்னே உட்றீங்களா, தெரியாம உட்றீங்களா, நான் உள்ள பூந்து பாக்கல. வெளில இன்னா வருதுன்னு தெரியும். அத்த எழுதிகினு வந்துகீறோம்.”

தாள்களை வைத்தேன். முப்பத்தாறு நாள். நூற்று நாற்பத்து நாலு தடவை. ஒத்துப்போகாதது இருபத்து மூன்று, அடித்திருக்கிறோம். அடித்ததும் தெரிகிற மாதிரிதான் அடித்திருக்கிறோம். மூச்சை அடைத்தது பத்தொன்பது தடவை. அதில் பதினேழு, வியாழன் ஞாயிறு காலையில்; காற்றும் எழுத ஆரம்பித்த பிறகு வந்ததெல்லாம் மேற்குக் காற்றில்.

அதிகாரியம்மா மீன்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரலால் மீன்களை எண்ண ஆரம்பித்தார். “இது யார் போட்டது?”

கெங்கம்மா எழுந்தாள். “நான்தாம்மா. இவனுக்கும் எனக்கும் ஆவாது. இவன் வாயத் தொறந்தா நம்பாதீங்க. தாள நம்புங்க, அதுல நான் கையெய்த்து போட்டுகீறேன்.”

அதிகாரியம்மா அலெக்ஸாண்டர் பக்கம் திரும்பினார். “வியாழனும் ஞாயிறும் உங்க யூனிட்ல என்ன வேலை நடக்குது?”

“செக் பண்ணிச் சொல்றேன் மேடம்.”

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் கேட்டதிலேயே இனிமையான வாக்கியம்.

மே 10, சனி

மகிழினி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். “ஹால்ல எல்லார் முன்னாலயும் ஏன் நைனா ஒத்துகினே?” என்றாள். போட்ட பொய்யி ஊர் முழுக்கக் கேட்டுச்சு, வாபஸ் வாங்குறது மட்டும் காதுக்குள்ளயா என்றேன். கொஞ்சம் புத்திசாலித்தனமாகவே இருந்ததால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் தன் தட்டிலிருந்து வஞ்சிரம் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தாள்.

மே 22, வியாழன்

காலை 3. மூன்று மீன். பதில் இன்னும் வரவில்லை. எழுதுவதை நிறுத்தவில்லை.

தவசிமுத்து புது மெசேஜ் ஒன்று அனுப்பினான், அதிகாரியம்மாவையும் வாங்கிவிட்டார்களாம். “நீ பாத்தியா மாமு?” என்று மட்டும் பதில் போட்டேன். ரெண்டு நீல டிக். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ சொன்னான்.

மே 29, வியாழன்

கடிதம் வந்தது. வேன் வரும். ஆனால் பாதுகாப்புக்கும் முப்பது நாள் கரண்ட் இணைப்புக்கும் தெருவே பொறுப்பு என்று யாராவது எழுதிக் கொடுக்கணும். நான் பேனாவைத் தேடுவதற்குள் கெங்கம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

வேன் திங்கட்கிழமையே வந்தது. புதுக் குழாய். சுடலைராஜ் நெற்றியில் பழைய தழும்பு. இறங்கினதும் கெங்கம்மா வீட்டுத் துடைப்பத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். அவள் அதால் வேன் நிற்கிற இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஜன்னலிலிருந்து வேனுக்கு ஒரு மஞ்சள் வயர் போகிறது. பந்து விளையாடுகிற பிள்ளைகளை, “வேனு மேல பட்ச்சின்னா, தோல உரிச்சி உப்பு போட்டுருவேன்” என்று மிரட்டுகிறாள். கருவாட்டுக்காரி மிரட்டல், பிள்ளைகள் நம்புகிறார்கள்.

காலை ஐந்தரை. மாடியில் புடவைக் கிழிசல் கிழக்கே பார்த்துப் பறக்கிறது. நான் 3. கெங்கம்மா மூன்று மீன். மகிழினி ஒரு கையில் பஃபோடு வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷினில் கோடு செங்குத்தாக ஏறியது.

“அண்ணாச்சி, ஒத்துப்போவுது” என்றார் சுடலைராஜ்.

தாளை நீட்டினேன். கெங்கம்மா போட்டாள். நான் போட்டேன். சுடலைராஜ் மெஷின் நம்பரை எழுதி, நேரத்தை எழுதி, அவரும் போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டுக் கோடு போட்டு, கம்பெனி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வந்து போடட்டும். அதுவரைக்கும் கரண்ட் தரேன் என்கிறாள் கெங்கம்மா.